கார்ப் பந்தயத்தின் அரிச்சுவடி



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மாலை, எங்களிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது அவனுக்கு வயது 22. தஞ்சோங் கிளிங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தந்தை இன்னும் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். பையன் தன் சேமிப்பில் பழைய கஞ்சில் கார் ஒன்றை வாங்கியிருந்தான். தேநீர் குடித்து முடித்ததும், தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்: "ஐயா, நானும் ரேஸ் ஓட்டலாமா? அதுக்கு என்ன படிக்கணும்?"

அந்தக் கேள்வி எங்களைத் திடுக்கிட வைத்தது. காரணம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். அவர்களுள் இளைஞர்கள் மிகுதி. எங்களிடம் படித்த பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டிருந்த வீட்டுக்கு நாங்களும் போய் வந்திருக்கிறோம். அங்கே அந்தத் தாயிடம் சொல்வதற்கு எங்களிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

ஆகவே "வேண்டாம்" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அவன் கேட்டதை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். "என்ன படிக்கணும்?" என்றல்லவா கேட்டான்! படிக்க வேண்டும் என்று வந்தவனை வெறுங்கையோடு அனுப்பினால், அவன் பாடத்தை நள்ளிரவுச் சாலையில்தான் தேடுவான். எனவே நாங்களும் விசாரித்தோம், படித்தோம், தெரிந்தவர்களைக் கேட்டோம். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். இன்றைய பேச்சின் பொருள், ஆட்டோகிராஸ் என்னும் கார்ப் போட்டியில் புதியவர் ஒருவர் அடியெடுத்து வைப்பது எப்படி என்பதாகும்.

முதலில், இது எப்படிப்பட்ட போட்டி என்று பார்ப்போம். கார்ப் போட்டி என்றதும் நம் கண்முன் நிற்பது சிப்பாங் பந்தயத் திடல். 1999ஆம் ஆண்டு முதல் 2017ஆம் ஆண்டு வரை அங்கே ஃபார்முலா 1 பந்தயம் நடைபெற்றது. பல கார்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடும் பந்தயம் அது. அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். இரண்டாவது வகை ராலி. காட்டுப் பாதையிலும் செம்பனைத் தோட்டத்து மண் சாலையிலும் ஓட்டுவது. நம் நாட்டுக் கரம்ஜித் சிங் 2002ஆம் ஆண்டில் புரோட்டோன் காரை ஓட்டி, உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே.

மூன்றாவது வகைதான் ஆட்டோகிராஸ். பரந்த கார் நிறுத்துமிடம் அல்லது பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுபாதை போன்ற ஒரு வெட்டவெளியில் இதை நடத்துவார்கள். சாலை பழுது பார்க்கும் இடத்தில் செம்மஞ்சள் நிறத்தில் கூம்புகள் வைத்திருப்பார்களே, அவற்றைக் கொண்டு வளைந்து நெளிந்து செல்லும் பாதை ஒன்றை அமைப்பார்கள். அந்தப் பாதையில் ஒவ்வொரு காராக ஓடும். முந்துவதற்கும் மோதுவதற்கும் பக்கத்தில் வேறு கார் இராது. கடிகாரம் ஒன்றுதான் எதிராளி. ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் முதல் கியரும் இரண்டாம் கியருமே போதும். கூம்பைத் தட்டிவிட்டால் நேரத்தில் தண்டனை கூட்டப்படும். அமெரிக்காவில் ஒரு கூம்புக்கு 2 வினாடி என்பது வழக்கம். மற்ற இடங்களில் நடத்துவோரின் விதிப்படி இது மாறும். பாதை தவறிப் போனால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. பிரிட்டன் போன்ற நாடுகளில் ஆட்டோகிராஸ் என்ற பெயரிலேயே புல்வெளியிலும் மண் தரையிலும் ஓட்டுவதுண்டு. இன்று நாம் பேசுவது தார்த்தரையில் கூம்பு வைத்து ஓட்டும் வகையைப் பற்றியே.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவாக ஆட்டோகானா, ஜிம்கானா என்னும் போட்டிகளும் உண்டு. ஜிம்கானா என்ற சொல்லின் கதை சுவையானது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் பிறந்த சொல் அது. பந்து விளையாடும் வீடு என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து திரிந்தது என்பர். சென்னையில் மெட்ராஸ் ஜிம்கானா சங்கம் 1884ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. கம்பங்களை நட்டு, அவற்றுக்கிடையே குதிரையை வளைத்து ஓட்டும் விளையாட்டுக்கும் பிற்காலத்தில் அந்தப் பெயர் வழங்கலாயிற்று. பின்னர் குதிரையின் இடத்தில் கார் வந்தது. கம்பத்தின் இடத்தில் கூம்பு வந்தது.

கார் விளையாட்டு நம்மவர்க்கு அந்நியமானது என்று எண்ணிவிடவும் வேண்டா. மெட்ராஸ் மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953இல் அமைந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் அது பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் திடல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா என்ற பெண்மணி மோட்டார் சைக்கிள், கார் ஆகிய இரண்டிலும் பந்தயம் ஓட்டிப் புகழ் பெற்றார். ஆகவே, வீட்டில் தம்பி கேட்டால் ஒரு பதிலும் தங்கை கேட்டால் வேறு பதிலும் சொல்லத் தேவையில்லை.

சரி, தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும்?

முதலாவது, ஓட்டுநர் உரிமம். நம் நாட்டில் கார் ஓட்டும் உரிமம் பெற 17 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டாவது, நல்ல நிலையில் உள்ள சாதாரணக் கார். பழைய சாகா, கஞ்சில், மைவி எதுவானாலும் தொடக்கத்துக்குப் போதும். போட்டிகளில் கார்களை எஞ்சினின் அளவுக்கும் மாற்றங்களுக்கும் ஏற்ப வகுப்புகளாகப் பிரிப்பது வழக்கம். புதியவர்களுக்கென்று தனி வகுப்பு வைப்பதும் உண்டு. எனவே கஞ்சில் கார் பெரிய காரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. மூன்றாவது, தலைக்கவசம். எந்தத் தரத்துக் கவசம் ஏற்றுக்கொள்ளப்படும் என்பதை நடத்துவோரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஒருமுறை விபத்தில் அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பயன்படாது. இரவல் வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

கையில் கொஞ்சம் வெள்ளி சேர்ந்ததும் சத்தமாக உறுமும் புகைக்குழாய், தாழ்த்தப்பட்ட ஸ்பிரிங், மின்னும் ரிம் ஆகியவற்றை வாங்கப் பட்டறைக்கு ஓடும் பிள்ளைகள் பலர். அவற்றால் கார் வளைவில் நன்றாகத் திரும்பிவிடாது. சட்டப்படி அனுமதியில்லாத மாற்றமாகவும் அது போய்விடக்கூடும். முதல் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுங்கள். காரைத் தரையோடு இணைப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். முழுக் காரும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் ஓடுகிறது.

இப்போது ஓட்டும் முறைக்கு வருவோம். இதைப் பால்மரக் காட்டிலிருந்தே விளக்கலாம். காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து நடந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வேகமாக நடந்து சட்டென்று நின்றால் வாளிகள் முன்னால் வீசும், பால் சிந்தும். சட்டென்று திரும்பினால் வாளி வெளிப்பக்கம் வீசித் தோளையே இழுக்கும். ஆகவே பழகியவர் முதலில் நடையைத் தளர்த்துவார், பிறகு திரும்புவார், நேரான பிறகு நடையைக் கூட்டுவார்.

காரும் அப்படியே. பிரேக்கை மிதித்தால் காரின் எடை முன் சக்கரங்களின் மேல் சாய்கிறது. எண்ணெயை மிதித்தால் எடை பின்னால் போகிறது. வலப்பக்கம் திருப்பினால் எடை இடப்பக்கம் சாய்கிறது. டயருக்கு உள்ள பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதை முழுவதும் பிரேக்குக்குச் செலவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் இராது. வளைவின் நடுவில் பயந்து பிரேக்கை ஓங்கி மிதிப்பவனின் கார் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகப் போவதற்கும், பின்பக்கம் வீசுவதற்கும் இதுவே காரணம். நேரான இடத்தில் பிரேக், வளைவில் அமைதி, வளைவு விரியும்போது எண்ணெய்: இதுதான் முதற்பாடம்.

இரண்டாவது பாடம் கண்ணுக்கு உரியது. கை, கண் பார்க்கும் இடத்துக்கே காரைக் கொண்டுபோகும். கூம்பை இடித்துவிடுவோமோ என்று கூம்பையே பார்ப்பவன் கூம்பைத்தான் இடிப்பான். இந்தக் கூம்பைத் தாண்டும்போதே கண் அடுத்த கூம்புக்கும் அதற்கடுத்த கூம்புக்கும் போய்விட வேண்டும்.

மூன்றாவது, அமரும் முறை. சாய்ந்துகொண்டு ஒரு கையால் ஓட்டுவது பார்ப்பதற்கு ஒய்யாரம், வேலைக்கு ஆகாது. முதுகு இருக்கையில் பதிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். கிளச்சை முழுக்க அழுத்தும்போதும் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில் இருக்கட்டும்.

நான்காவது, பிரேக். பழைய கார்களில் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அப்போது ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. காலைச் சற்றே தளர்த்தினால் சக்கரம் மீண்டும் உருளும், பிடிமானமும் திரும்பும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். சாதனம் உள்ள காரில், அவசரத்துக்கு உறுதியாக மிதித்து, காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். உங்கள் காரில் எது உள்ளது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

போட்டி நாள் எப்படி நடக்கும்? காலையில் பெயர் கொடுத்து, பொறுப்பேற்புப் பாரத்தில் கையொப்பம் இட வேண்டும். பிறகு காரைச் சோதிப்பார்கள். சக்கர நட்டு இறுக்கமா, பேட்டரி அசையாமல் கட்டப்பட்டுள்ளதா, பிரேக் மிதி உறுதியாக நிற்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, இருக்கைப் பட்டை நன்றாக உள்ளதா என்று பார்ப்பார்கள். காருக்குள் குடை, தண்ணீர்ப் போத்தல், செருப்பு என்று எதுவும் உருளக் கூடாது. அடுத்து, பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். இந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு முறைக்கு மூன்று முறை நடங்கள். எங்கே பிரேக், எங்கே திரும்பல், எந்தக் கூம்புக்கு எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்யுங்கள். பிறகு ஓட்டுநர்களுக்கான விளக்கம். கொடி காட்டினால் உடனே நிறுத்த வேண்டும் என்பன போன்ற விதிகளை அங்கே சொல்வார்கள். அதன் பிறகே ஓட்டம். ஒருவருக்குச் சில முறை ஓட வாய்ப்புக் கிடைக்கும். பெரும்பாலும் அவற்றுள் மிகக் குறைந்த நேரமே கணக்கு. முதல் ஓட்டத்தில் கூம்பு எதையும் தட்டாமல், வழி தவறாமல் வந்து சேர்ந்தாலே புதியவருக்கு வெற்றி.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு படி உண்டு. முதல் முறை காரோடு போகாதீர்கள். வேடிக்கை பார்க்கப் போங்கள். முடிந்தால் விழுந்த கூம்பை எடுத்து நிறுத்தும் தொண்டராக நில்லுங்கள். பத்துப் பேர் ஒரே வளைவில் செய்யும் பிழைகளைப் பார்த்தவனுக்குப் பாதிப் பாடம் வந்துவிடும். போட்டி முறையானதுதானா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கம், 1904இல் தோன்றிய அனைத்துலக வாகனக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்றது. அதன் அனுமதி உண்டா, மருத்துவ உதவி நிற்கிறதா, தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நுழைவுக் கட்டணம், பெட்ரோல் போக, டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயும். சாதாரணக் கார்க் காப்புறுதி பொதுவாகப் பந்தயத்தில் நேரும் சேதத்துக்குப் பணம் தராது. மறுநாள் காலை அக்காவைத் தொழிற்சாலைக்கும் அம்மாவைக் கிளினிக்குக்கும் ஏற்றிச் செல்ல வேண்டியது அதே கார்தான் என்றால், வீட்டாரிடம் கேட்காமல் அதைத் திடலுக்குக் கொண்டுபோவது முறையாகாது. மாதத் தவணை பாக்கி நிற்கும்போது போட்டிக்குப் போக வேண்டா. அடுத்த ஆண்டும் போட்டி இருக்கும்.

இனி, முக்கியமான செய்தி. சாலையில் பந்தயம் ஓட்டுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். சட்டத்தை ஒரு புறம் வையுங்கள், கணக்கைப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர் போகும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்கு வர ஒரு வினாடி என்று கொள்வோம். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக 13 மீட்டர். வேகத்தை 60 ஆக்கினால் அந்த ஒரு வினாடிக்கு 17 மீட்டர் வேண்டும். பிரேக் பிடித்து நிற்பதற்கோ இரண்டு மடங்கு போதாது. நான்கு மடங்கு, அதாவது 20 மீட்டர் வேண்டும். ஆக 37 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு என்பது இயற்கையின் விதி. மழைச் சாலையில் இது மேலும் நீளும். திடலில் இந்தக் கணக்குத் தப்பினால் விழுவது ஒரு கூம்பு. சாலையில் தப்பினால் அங்கே நிற்பது யார் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சாலையில் பயிற்சியே செய்ய முடியாதா என்றால், ஒன்று செய்யலாம். பின் இருக்கையில் அம்மாவை அமர்த்தி, சட்டம் சொல்லும் வேகத்தில் கடைத்தெருவுக்குப் போய் வாருங்கள். பிரேக் பிடிக்கும்போதும் கியர் மாற்றும்போதும் அம்மாவின் தலை முன்னும் பின்னும் ஆடக்கூடாது. இது எளிது என்று நினைப்பவர்கள் செய்து பார்க்கட்டும். திடலில் வெற்றி தருவதும் இதே பதமான கையும் காலும்தான். உளியை ஆழமாகப் பாய்ச்சினால் மரம் காயப்படும். பட்டையை மெல்லியதாகச் சீவுபவரே நல்ல தொழிலாளி. வலிமையை விட அளவு பெரிது என்பதை இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறார்கள்.

எங்கள் பையனின் கதையை முடித்துவிடுகிறோம். அவனை நேரே வீட்டுக்கு அழைத்துப் போய், பெற்றோர் முன்னிலையில் இதையெல்லாம் சொன்னோம். தந்தை ஒன்றும் பேசவில்லை. தாய்தான், "காடி போனா வேற வாங்கலாம் வாத்தியாரே. புள்ள போனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பையனே பதில் சொன்னான்: "அம்மா, நீயும் வந்து பாரு. பார்த்துட்டுச் சொல்லு."

முதல் முறை தொண்டனாகக் கூம்பு நிறுத்தப் போனான்; தந்தையும் கூடப் போனார். இரண்டாம் முறை ஓட்டினான். முதல் ஓட்டத்தில் நான்கு கூம்புகளைச் சாய்த்தான். அவனது வகுப்பில் கடைசிக்கு முந்திய இடம். அன்றிரவு எங்களிடம் வந்து சொன்னது இது: "ஐயா, அவ்வளவு மெதுவா போயும் நாலு கூம்பு விழுந்துச்சு. ரோட்டுல நான் போன வேகத்தை நெனச்சா இப்போ உடம்பு நடுங்குது."

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ இப்படிக் கேட்கக்கூடும். கேட்டால் கோபப்படாதீர்கள், காது கொடுங்கள். திடல் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள்.